வத்தல் வைத்தியம்

தொடையின் பின்பக்கத்தில் ஒரு தசை இருக்கிறது என்பதே பதின்மூன்று வயதுவரை எனக்குத் தெரியாது. அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை பள்ளி மைதானத்தில் இருநூறு மீட்டர் பயிற்சி ஓட்டத்தில் வளைவைத் தாண்டும்போது, பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்த மாதிரி இருந்தது. எறிந்தது யார் என்று கோபமாகத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. இரண்டு எட்டு நொண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கல் வெளியிலிருந்து வரவில்லை என்று தெரிந்தது.

பி.டி. டீச்சர் வந்து காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். தசை லேசாகக் கிழிந்திருக்கும் என்றார். இரண்டு நாளைக்கு ஐஸ் ஒத்தடம் கொடு, எண்ணெய் போட்டு நீவாதே, மூன்று வாரம் ஓடாதே என்று மூன்று கட்டளை போட்டார். வட்டார அளவில் நான் முதலாவதாக வந்திருந்தேன். மாவட்டப் போட்டி சிவகாசியில், பதினெட்டு நாளில். மூன்று வாரத்துக்கும் பதினெட்டு நாளுக்கும் நடுவே மூன்று நாள்தானே இடிக்கிறது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகக் குணமானால் முடிந்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஓட்டத்தில் வேகமாக இருப்பவளுக்குக் குணமாவதிலும் வேகம் இருக்கும் என்று நம்புகிற வயது அது.

நாங்கள் விருதுநகரில் வத்தல் வியாபாரம் செய்கிற குடும்பம். எங்கள் ஊரில் வத்தல் என்றால் மிளகாய் வத்தல்தான். சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் காயவைத்தால் அதற்கும் அந்தப் பெயர் உண்டு என்பதை நாங்கள் பெரிதாக மதிப்பதில்லை. அப்பாவை நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். அத்தாவுக்குப் பேட்டையில் கமிஷன் கடை. பெண் பிள்ளையை மைதானத்தில் ஓடவிடுவது பற்றிச் சொந்தத்தில் ஆளுக்கொரு பேச்சு இருந்தது. அதையெல்லாம் காதில் வாங்காமல், முழுக்கால் பேண்ட், தலையில் துணி, மாலை ஆறு மணிக்குள் வீடு என்ற நிபந்தனைகளோடு அத்தா என்னை விட்டுவைத்திருந்தார். அத்தா சொன்னதை மாற்றுகிறவர் இல்லை. அதனால் அவர் எதையும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டுச் சாமர்த்தியம்.

அன்று சொல்லிவிட்டார். அம்மாவும் மாமாவும் நின்றுகொண்டிருக்க, கூடத்தில் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"டீச்சர் எப்பச் சொல்றாகளோ அப்ப ஓடு. அதுக்கு முந்தி ஒரு நாள் ஓடினேன்னு எனக்குத் தெரிஞ்சுது, அன்னையோட சரி. பெறகு காலு நல்லாயிருந்தாலும் ஓட்டம் கிடையாது."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு அந்தத் தசை தேவைப்படவில்லை.

ஐஸ் ஒத்தடத்தில்தான் முதல் சிக்கல் வந்தது. வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அம்மாவின் வைத்திய சாஸ்திரத்தில் குளிர்ச்சி என்பது நோய், சூடு என்பது மருந்து. அடிபட்ட காலில் ஐஸை வைத்தால் நீர் கோத்துக்கொள்ளும், சளி நெஞ்சுக்கு ஏறும், பெண் பிள்ளைக்குப் பிற்காலத்தில் வேறு என்னென்னவோ ஆகும் என்றாள். பி.டி. டீச்சருக்குப் பிள்ளை குட்டி கிடையாது என்பதையும் ஒரு மருத்துவக் காரணமாகச் சேர்த்துக்கொண்டாள். ஐஸ் ரஸ்னாவுக்குப் போனது. எனக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி, செய்யாதே என்று சொன்ன நீவலை மட்டும் காலையும் மாலையும் குறையில்லாமல் செய்தாள். நாலாம் நாள் பின்தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல் இறங்கியது. கெட்ட ரத்தம் வெளியே வருகிறது என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

இந்த இடத்தில்தான் மாமா உள்ளே வருகிறார். அம்மாவுக்கு நேர் இளையவர், அத்தாவின் கடையில் வேலை, எங்கள் வீட்டிலேயே சாப்பாடு. வத்தலை ஒடித்து மோந்து பார்த்து எந்த ஊர் மண், எத்தனை நாள் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னதைப் பேட்டையில் பெரிய ஆட்களே மறுத்துப் பேச மாட்டார்கள். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. குண்டூருக்குத் தனியாகப் போய்ச் சரக்கு எடுத்து வரவேண்டும். ஆந்திரத்து வத்தல் மலையே அங்கேதான் குவிகிறது. மூன்று வருடமாக அத்தாவின் பின்னால் பை தூக்கிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தார். அடுத்த மாதம் நீயே போய் வா என்று அத்தா அந்தத் தடவை வாய்திறந்து சொல்லியிருந்தார். அதற்காக மாமா ஒரு புது சூட்கேஸ் வாங்கி வைத்திருந்தார். அதைப் பூட்டித் திறந்து பார்ப்பது அவருக்கு அந்நாளில் ஒரு பொழுதுபோக்கு.

அத்தாவுக்கு முதுகுப் பிடிப்பு வந்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொள்வார். ஆறாம் நாள் மாமா அந்தப் பிளாஸ்திரியின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் கொச்சிக்கு லோடு அனுப்பும் கம்பெனிகளின் தாள்களில் வத்தலைக் குறிக்கும் 'கேப்சிகம்' என்ற வார்த்தையை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். உறையிலும் அதே வார்த்தை இருந்தது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மெடிக்கல் ஷாப்காரன் நம் சரக்கைத்தான் நமக்கே விற்றுக்கொண்டிருக்கிறான், அதுவும் பழைய சரக்காக இருக்கும், நயம் வத்தல் மூட்டை மூட்டையாக இங்கே கிடக்கும்போது நாம் ஏன் ஓட்டை போட்ட பிளாஸ்திரியை வாங்கவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஒத்துக்கொண்டாள். சூடு மருந்து என்பது அவள் கட்சியும்தானே.

எந்த வத்தல் என்பதில் கொஞ்சம் விவாதம் நடந்தது. குண்டு வத்தல் நிறத்துக்கு நல்லது, காரம் மட்டு. சாத்தூர்ப் பக்கத்துச் சம்பா வத்தல்தான் நின்று பேசும் என்று மாமா தீர்மானித்தார். எனக்காக மாதிரிப் பையிலிருந்து பழுது இல்லாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கல்யாண வீட்டு ஆர்டருக்குக்கூட அவர் அப்படிப் பொறுக்கியதில்லை. மிக்ஸியைத் தரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டதால் கடையின் பின்னால் கிடந்த பழைய அம்மியில் நல்லெண்ணெய் விட்டு அரைத்து, வேட்டித் துணியில் தடவி, கண்ணெல்லாம் சிவக்கத் தும்மிக்கொண்டே கொண்டுவந்தார். அத்தா கடையில் இருந்த மத்தியான நேரம். மாமா கதவுக்கு வெளியே நின்றுகொள்ள, அம்மா உள்ளே அதை என் தொடையில் வைத்துக் கட்டினாள்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. நயம் சரக்கு மெதுவாகத்தான் பிடிக்கும் என்று வெளியிலிருந்து விளக்கம் வந்தது. பிறகு பிடித்தது. நான் தலையணையைக் கடித்தேன். சிவகாசியில் ஓடவேண்டுமே என்ற ஒரே எண்ணத்தில் கால் மணி நேரம் தாங்கினேன். அதற்குமேல் அலறியதில் அம்மா பயந்து அவிழ்த்துத் தண்ணீரை ஊற்ற, எரிச்சல் முழங்கால்வரை வழிந்து இறங்கியது. அப்புறம் தயிர், தேங்காய் எண்ணெய், விசிறி. தோல் செங்கலாய்ச் சிவந்திருந்தது. ஓரத்தில் இரண்டு கொப்புளம்.

எல்லாம் அடங்கிய பிறகு மாமா வெளியே நின்றபடி கேட்டார்.

"பாப்பா, அந்தப் பழைய வலி இப்ப எங்கன இருக்கு?"

நான் தேடிப் பார்த்தேன். மேல் தோல் தீயாக எரிந்ததே தவிர, உள்ளே இருந்த அந்தச் சுருக்கென்ற வலியைக் காணவே காணோம். காலை மடக்கினேன், நீட்டினேன். இல்லவே இல்லை என்று கத்திச் சொன்னேன். பெரிய வலி வந்தால் சின்ன வலி வாயை மூடிக்கொள்ளும், அதற்காக அது போய்விட்டது என்று அர்த்தமில்லை என்று எங்கள் மூவருக்குமே தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு, டீச்சர் வரச்சொன்னார்கள் என்று அம்மாவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கேன்வாஸ் ஷூவைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஒரே ஒரு தடவை ஓடிப் பார்ப்பது, குணமாகியிருந்தால் டீச்சரிடம் சொல்லிப் போட்டிப் பட்டியலில் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது, இதுதான் திட்டம். மைதானத்தில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினேன். முதல் ஐம்பது மீட்டர் அவ்வளவு நன்றாக இருந்தது. அதைப்போல நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. வளைவில் துணி கிழிகிற மாதிரி ஒன்று உள்ளே கேட்டது. விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், கால் என்னுடையதாக இல்லை. வலியைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அத்தா சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ, டி.வி.எஸ். சத்தம் கேட்டது. மாமா. எப்படி வந்தார், ஏன் வந்தார் என்று நான் யோசிக்கவில்லை. என் பொய்யைத் தயார் செய்வதில் மும்முரமாக இருந்தேன். அவர் பக்கத்தில் வந்து குனிந்ததும், பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் மாமா என்றேன். நான் கிடந்த இடத்துக்கும் படிக்கட்டுக்கும் நூறு அடி இருக்கும். மேலெல்லாம் செம்மண். மாமா படிக்கட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் படி வழுக்கத்தான் செய்யும்" என்றார்.

பிறகு என் ஷூக்களைக் கழற்றினார். கால் வீங்கும், இறுக்கமாக இருக்கக்கூடாது என்று சொல்லி அவற்றைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். என் முதுகிலும் கையிலும் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். வண்டியில் உட்காரவைத்தபின், வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றார். வத்தல் விஷயம் அத்தாவுக்குத் தெரிந்துவிடும் என்று மாமா பயப்படுகிறார் என நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது.

வீட்டில் அவர் பேசினார். அத்தா பல் விளக்கிக்கொண்டிருந்தார். மாமா அவர் முன்னால் போய் நின்று, புள்ளைக்கு வத்தல் அரைத்துக் கட்டினது நான்தான் மச்சான், அந்த எரிச்சல் தாங்காமல் பள்ளிக்கூடப் படியில் கால் மடங்கி விழுந்துவிட்டாள், என் மேல்தான் தப்பு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கட்டியது அம்மா. அதை அம்மாவும் சொல்லவில்லை. அம்மாவின் கண்ணுக்கு முன்னால் என் பொய் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, முதல் தடவை நூல் பிரிந்த மாதிரி இருந்திருக்கும், இப்போது துணியே பாதி கிழிந்திருக்கிறது, பத்து வாரம் ஆகும் என்றார். பிறகு கொப்புளங்களைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். மாமா விவரம் சொன்னார். டாக்டர் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கவைத்தார். மேல் தோல் புண்ணாக இருந்ததால் கட்டுப்போட நாலு நாள் காத்திருக்கவேண்டியதாயிற்று. துண்டில் சுற்றிய ஐஸைக்கூடப் புண் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வைக்க முடிந்தது. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுத்துக் கிடந்தேன். ஐஸ் வைக்கும்போதெல்லாம் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கால் கொஞ்சம் தேறியதும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிசியோதெரபி பார்க்கிற சார் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர், சிரிக்கவே மாட்டார். குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலை மெதுவாக மடக்கச் சொல்வார். இரண்டு காலையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வார். முதல் நாளே எப்படி விழுந்தாய், ஓடினாயா என்று கேட்டார். நான் வாய்திறக்கும் முன் மாமா, படி சார் என்றார். படியில் விழுந்தால் இந்தத் தசை இப்படிக் கிழியாதே என்றார் அவர். எப்படிக் கிழிந்தாலும் வைத்தியம் ஒன்றுதானே சார் என்று மாமா சொன்னார். படித்தவரிடம் போய் இந்த மனுசர் இப்படி விவரமில்லாமல் வாதாடுகிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

வாரத்தில் மூன்று நாள் டி.வி.எஸ்.ஸில் கூட்டிப் போனது மாமாதான். நாலாம் வாரத்திலிருந்து கணுக்காலில் எடை கட்டிக் காலை மடக்கவேண்டும், கால் கிலோவில் தொடங்கி வாரத்துக்கு நூறு கிராம் கூட்டவேண்டும் என்றார் சார். மாமா துணிப்பை தைத்து, கடைத் தராசில் நிறுத்து, வாரா வாரம் நூறு நூறாகக் கூட்டிக் கொண்டுவருவார். உள்ளே மணல். வத்தல் மட்டும் வேண்டாம் என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாள். வலி போய்விட்டது என்று நான் ஒருநாள் ஆசையாகச் சொன்னபோது சார் என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னார். "வலி போச்சாங்கிறத நம்பாதிய. நல்ல காலு தூக்குற எடைய இந்தக் காலும் தூக்கணும், அப்பதான் ஓட விடணும்." மாமா அதைக் கடைச் சீட்டில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நான் எவ்வளவு கெஞ்சினாலும் மாமாவிடம் ஒரு நாள்கூடத் தள்ளுபடி கிடைக்கவில்லை.

இதற்குள் கதை பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. மாமாவுக்கு வத்தல் டாக்டர் என்று பெயர் விழுந்தது. மூட்டை தூக்கும் ஆட்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து, டாக்டரே, இதுக்குச் சம்பாவா குண்டா என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்து மாமாவே அதைச் சொல்லிச் சிரிப்பார். சிவகாசியில் மாவட்டப் போட்டி நடந்த அன்று நான் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதுகொண்டிருந்தேன். எல்லாம் இந்த மாமாவால்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போது அது உண்மை மாதிரியே இருந்தது. மாமா அப்போது கூடத்தில்தான் இருந்தார்.

அடுத்த மாதம் குண்டூருக்குப் பெரியத்தா மகன் போனார். நான் அதைக் கேட்டது கூடத்தில் கால் மடக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது. அம்மா மெதுவாகத் தம்பிக்காகப் பரிந்து ஏதோ கேட்டாள். அத்தா கோபப்படாமல்தான் பதில் சொன்னார்.

"புள்ள காலுன்னு பாக்காம வத்தல அரைச்சு வச்சவன் அவன். அம்புட்டுச் சரக்குக்கும் அவன் புத்திய நம்பி எப்பிடி அனுப்புறது?"

எனக்கு மாமாவுக்காக வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வத்தல் அரைத்தது அவர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, இன்னும் எத்தனை தடவை பாக்கி என்று எண்ணத் தொடங்கினேன். சூட்கேஸைத் திறந்து பார்க்கும் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர் குண்டூருக்குத் தனியாகப் போக இன்னும் நாலு வருடம் ஆயிற்று.

பத்து வாரம் என்றது பன்னிரண்டு வாரம் ஆனது. டீச்சர் ஓடு என்று சொன்ன பிறகுதான் ஓடினேன். அத்தாவும் தன் வார்த்தையிலிருந்து மாறவில்லை. டீச்சர் சொன்னால் ஓடலாம் என்றுதானே சொல்லியிருந்தார். மறு வருடம் மாவட்டப் போட்டிக்குச் சிவகாசிக்கு அத்தாவே கார் பிடித்தார். நாரணாபுரத்தில் இருக்கும் அவருடைய சிநேகிதர், பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர், குடும்பத்தோடு வந்திருந்தார். இருநூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தேன். வளைவில் என் பின்தொடை ஒரு சொல் பேசவில்லை. கோட்டைத் தாண்டி வந்து நின்றபோது மாமா ஐஸ் நிறைந்த தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்காமல், இந்தக் காலை மடக்கு, அந்தக் காலை மடக்கு என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

அத்தாவுக்கு அன்று வாய்கொள்ளாத சந்தோஷம். சிநேகிதர் வீட்டில் பிரியாணி சாப்பிடும்போது, போன வருடமே என் மகள் இங்கே ஓடியிருப்பாள், அதைக் கெடுத்த ஆள் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்று மாமாவைக் காட்டி, பிளாஸ்திரி உறையிலிருந்து பள்ளிக்கூடப் படிவரை முழுக் கதையையும் சொன்னார். டீச்சர் சொல்லுமுன் ஓடினால் அன்றோடு சரி என்று தான் சொன்னதை மட்டும் அத்தா மறந்துவிட்டிருந்தார். அன்று அத்தா அதைச் சொன்னபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமாவும் நின்றிருந்தார் என்பது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. மாமா இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பாவா குண்டா என்று சிநேகிதர் கேட்டதும் சபையே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு வருடம் ஆகியும் நான் சொன்ன பொய்யை மாமா இன்னும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அந்தப் பந்தியில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.